நாச்சிமுத்துவின் நான்காவது சிப்

சப்போர்ட் முடிஞ்சிருச்சுங்க மேடம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போய் இருபது நிமிஷம் ஆகிறது, எனக்கு இன்னும் அந்த வார்த்தை இறங்கவில்லை. முடிஞ்சிருச்சாம். பால் முடிஞ்சிருச்சு, டிக்கெட் முடிஞ்சிருச்சு என்கிற மாதிரி. தானாக முடிவதற்கு அது என்ன ஐப்பசி மழையா? எவனோ ஒருவன் எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து முடித்திருக்கிறான். அவன் பெயரைச் சொல்லு, நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன் என்றதற்கு அந்தப் பெண் சிரித்தாள். பர்வீன் பானு என்று சட்டையில் குத்தியிருக்கிறது. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை, அவளிடம் கத்தினால் யாருக்குக் கேட்கப் போகிறது, ஆனாலும் கத்தியாயிற்று. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆர்.எஸ்.புரத்தில் இவ்வளவு பெரிய சர்வீஸ் சென்டர், குளிரக் குளிர ஏசி, சுவர் பூராவும் ஆர்டென் ஆர்டென் என்று பெயர், காலை பத்தேகாலுக்கு வந்தவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ஒரு நம்பர். என் பக்கத்தில் நாற்காலி இல்லை, நாச்சிமுத்துவின் சக்கர நாற்காலி. என் தம்பி. ஐம்பத்தேழு வயது. பிறக்கிறபோதே மூச்சுத் திணறிப் பிறந்தவன், கை கால் நாக்கு எதுவும் அவன் சொன்னபடி கேட்காது, இடது கட்டைவிரல் ஒன்றுதான் கேட்கும், அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, எனக்கே கணக்கில் தப்பு கண்டுபிடிப்பான். அந்தக் கட்டைவிரலால் ஒரு பட்டனை அழுத்தி அழுத்தித்தான் அவன் பேசுவது. ஆர்டென் மெஷின் அவனுக்காகப் பேசும். அந்த மெஷின் போன வாரம் திங்கட்கிழமை அணைந்தது அணைந்ததுதான். ஒன்பது நாளாக என் தம்பிக்குப் பேச்சில்லை. இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் சப்போர்ட் முடிஞ்சிருச்சு.

நான் ஒன்றும் விவரம் தெரியாமல் கத்தவில்லை. இந்தக் கோகிலாமணி பீளமேட்டில் பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் டிசைன் பிரிவில் இருந்தவள். பம்பு கம்பெனிக்காரிக்குத் தெரியும் ஒரு சாமானை விற்பது என்றால் என்ன என்று. பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் எழுபத்து நாலாம் வருஷம் இறக்கிய எங்கள் மோட்டார், நான் வேலையை விடுகிற வருஷம்கூட அதற்கு வாஷர் கேட்டு வந்தார் ஒரு கவுண்டர், ஸ்டோரில் இருந்தது, கொடுத்தோம். எத்தனை மாடல் மாற்றியிருப்போம் அதற்குள். ஒரு தடவையாவது, மோட்டார் மாத்திட்டோமுங்க, இனி நீங்க கிணத்தை மாத்திக்கோணும் என்று யாரிடமாவது சொல்லியிருப்போமா? செருப்பால் அடித்திருப்பார்கள். இந்த ஆர்டென்காரன் அதைத்தான் செய்கிறான், மூன்றாவது தடவையாகச் செய்கிறான், ஒவ்வொரு தடவையும் மேடை போட்டு, விளக்குப் போட்டு, இதோ புது சிப், பழசைவிட ரெண்டு மடங்கு வேகம் என்கிறான், கீழே உட்கார்ந்திருப்பவன் எல்லாம் கை தட்டுகிறான். எதற்குத் தட்டுகிறாய்? உன் கிணறு போச்சுடா.

தொண்ணூற்று ஒன்று. முதல் சிப். பம்பு கேட்லாக் படம் வரைவதற்காகக் கம்பெனியில் ஒரு ஆர்டென் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், அதை நிமிர்ந்து பார்க்கவே எல்லோருக்கும் பயம், எனக்கு மட்டும் ஆசை. அதுவரை நாச்சிமுத்து பேசுவது எனக்கும் அம்மாவுக்கும்தான் புரியும். அதுவும் அம்மாவுக்குப் பாதிதான். அவன் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டு விருந்தாளிகள் எழுந்து வாசல் பக்கம் போவார்கள். எனக்கு இருபத்தெட்டு வயது, எனக்குத் தோன்றியது, எழுத்தெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக நிற்கட்டும், ஒரு வெளிச்சம் ஒவ்வொரு கட்டமாக நகரட்டும், அவனுக்கு வேண்டிய எழுத்து வரும்போது கட்டைவிரலால் அழுத்தட்டும், மெஷின் அதை வாய்விட்டுச் சொல்லட்டும். இவ்வளவுதான். இவ்வளவுதான் என்பதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. அப்போது மெஷினில் இடமே கிடையாது, இப்போது ஒரு போட்டோவுக்குப் பிடிக்கிற இடம்தான் மொத்தமும். அதனால் சிப்புக்கு என்ன பாஷை தெரியுமோ அதே பாஷையில் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு பாஷை, அதில் ஒரு நூறு கட்டளை, இதை எடு, அதோடு கூட்டு, அங்கே வை, அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. நான் அதைக் கற்றுக்கொண்டேன். குளிக்கிறபோதும் அந்தப் பாஷையில்தான் நினைப்பேன். பேச்சு என்று பெயர் வைத்தேன் அந்தப் புரோகிராமுக்கு. குரலுக்கு யாரிடம் போவது? இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்ல எந்த ஆம்பளை வந்து உட்காருவான்? பேக்கிங் செக்‌ஷன் ஆறுச்சாமியிடம் கேட்டேன், வெண்கலக் குரல், வெட்கப்பட்டுக்கொண்டு வரவேயில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோர் ரூமில் பஞ்சுக் கழிவு மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து நானே பேசிப் பதிந்தேன். ந வரிசைக்கு வந்தபோது எனக்கு ஜலதோஷம். திரும்பப் பதிய நேரமில்லை. அதனால் இவன் இத்தனை வருஷமும் நான் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மூக்கடைத்த நான். அதை நினைத்து நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். முதல் நாள் அவன் சொன்ன முதல் சொல் காப்பி. அம்மா அடுப்படியிலிருந்து, கோகிலா, இப்பத்தானே குடிச்சே என்றாள். நான் இங்கே வாயைத் திறக்கவில்லை அம்மா, கேட்டது உன் மகன். அம்மா கையில் டம்ளரோடு வந்து நின்ற நிற்பு.

சரி. ஐந்து வருஷம். அப்புறம் இரண்டாவது சிப். அது வேறு பாஷை பேசுகிற சிப். பழைய புரோகிராம் என்ன ஆகும்? கவலை வேண்டாம் என்று சொன்னார்கள், உள்ளே ஒரு துபாஷியை வைத்திருக்கிறோம், பழைய பாஷையைக் கேட்டுக் கேட்டுப் புது பாஷையில் சொல்லிக்கொண்டே வருவான். துபாஷி வந்தான். என்ன துபாஷி! நாச்சிமுத்து தண்ணி என்று அழுத்தினால் த என்று சொல்லிவிட்டு யோசிக்கும், நான் சொம்பில் மொண்டு கொடுத்து அவன் குடித்து முடித்த பிறகு ணி வரும். எட்டு மாசம். ஆபீஸ் விட்டு வந்து எட்டு மாசம் உட்கார்ந்து புது பாஷை படித்து எழுதினேன். மூன்றாவது சிப் வந்தபோது வந்த துபாஷி கெட்டிக்காரன், வேகமாகச் சொன்னான், நானும் நம்பினேன், நாலு வருஷம் ஓடியது. ஒரு காலையில் அப்டேட் செய்யலாமா என்று மெஷின் கேட்டது, மரியாதையாகத்தான் கேட்டது, ஆகட்டும் என்று அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பேச்சு என்ற படத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு. துபாஷியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோரு மாசம் அதற்கு. அம்மா படுக்கையில் இருந்த வருஷம் அது. ஒரு கையில் அம்மாவுக்குக் கஞ்சி, ஒரு கையில் சிப்பின் பாஷை. அம்மா போன அன்றைக்கு இவனுக்குப் பேச்சு திரும்பியிருக்கவில்லை, பாதிதான் எழுதியிருந்தேன், உயிரெழுத்து மட்டும்தான் ஓடும். ஆ ஆ என்று அழுத்திக்கொண்டே இருந்தான். அது மெஷின். தொண்டையிலிருந்தும் வந்தது. இரண்டும் சேர்ந்து. அதை நினைக்கக் கூடாது. இங்கே உட்கார்ந்து அதை நினைக்கக் கூடாது கோகிலா, அந்தப் பெண் வரும்போது நீ தெளிவாகப் பேச வேண்டும்.

என்ன பேச வேண்டும்? ஒன்று, அணைந்துபோன மெஷினுக்குள் போடப் பழைய போர்டு எங்கேயாவது கிடைக்குமா, பெங்களூரில், மும்பையில், எங்காவது. இரண்டு, இல்லை என்றால் நாலாவது சிப் மெஷினில் மூன்றாவது சிப்புக்கான துபாஷி இன்னும் உண்டா. இல்லை என்பாள். எனக்கே தெரியும் இல்லை என்று, போன அப்டேட்டோடு அவனையும் கணக்கு முடித்துவிட்டார்கள், படித்தேன். மூன்று. மூன்றாவதாக என்ன நினைத்தேன்? மூன்றாவது, நானே மறுபடி எழுதுவது. அறுபத்திரண்டு வயது. வலது கண்ணில் புரை, பெரியாஸ்பத்திரியில் தை மாசம் வரச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுவேன். எழுத மாட்டேனா? ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷம் இவன் பேசாமல் இருப்பானா? எழுதி முடிப்பேன், அது நாலாவது தடவை. கம்பெனிக்காரன் ஐந்தாவது சிப் கொண்டுவருவான், எனக்கு அப்போது எழுபத்திரண்டு. இருந்தால். இல்லாவிட்டால்? அந்த நினைப்பு வருகிற இடத்தில் எப்போதும் நான் எழுந்து ஏதாவது வேலை பார்ப்பேன், பாத்திரம் கழுவுவேன், இங்கே பாத்திரம் இல்லை, குடிதண்ணீர் மெஷின்தான் இருக்கிறது, எழுந்து போய் ஒரு பேப்பர் கப்பில் பிடித்து வந்து நாச்சிமுத்துவின் உதட்டில் வைத்தேன். குடித்தான். பாதி சட்டையில். துடைத்தேன். கண்ணால் என்னமோ சொன்னான். எழுத்து அட்டையைக் காட்டினேன், இந்த ஒன்பது நாளாக அட்டையில் விரல் வைத்துத்தான் பேச்சு, நான் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போவேன், அவன் கண்ணை மூடித் திறந்தால் அதுதான். கு என்றான். ர என்றான். குரல் வந்துரும்டா, அதுக்குத்தானே வந்திருக்கோம் என்றேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பாவம், ஒன்பது நாள்.

குரல் என்றால் அவனுக்கு என்ன பெருமை. போனில் அவன் செய்யாத ரகளை இல்லை. தெரு விளக்கு எரியவில்லையா, கரண்ட் ஆபீசுக்கு நாச்சிமுத்துதான் போன் செய்வான், ஸ்பீக்கரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து முன்னாடியே எழுதி வைத்ததைப் பேச விடுவான், சட்டமெல்லாம் எடுத்துச் சொல்லுவான். அந்தப் பக்கம், சொல்லுங்கம்மா, சரிங்கம்மா, ஆளனுப்பறோமுங்கம்மா. பேங்கில் ஒரு தடவை, நாச்சிமுத்து பேசறேன் என்று மூக்கடைத்த பொம்பளைக் குரல் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள், அடுத்த நாள் அக்கவுண்டையே முடக்கிவிட்டார்கள். எப்படிச் சிரித்தோம் அன்றைக்கு. வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்தோம். அவனும் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். அவன் சிரிப்பும் அழுகையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், நான் தூரத்தில் இல்லை, பக்கத்தில்தான் இருந்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்ததில் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது எதற்கு இது. நான் இவர்கள்மேல் கோபமாக இருக்கிறேன். கோபத்தை விடக் கூடாது. நாற்பத்தேழு யாரு என்றாள் பர்வீன் பானு.

நான்தான் என்றேன். கையில் ஒரு புது மெஷினோடு வந்திருந்தாள், மெலிசாக, சாப்பாட்டுத் தட்டு மாதிரி. "போர்டு எங்கயுமே இல்லீங்க மேடம். நாலு ஊருக்குப் பேசிட்டேன். பழைய புரோகிராம் இதுல ஓடாதுங்க. ஆனா ஒண்ணு பாருங்க, பட்டன் ஸ்விட்ச்சுக்கு இதுலயே வழி இருக்கு. நீங்க மெஷினோட குடுத்த அண்ணன் ஸ்விட்ச்சை நான் உள்ள ஒரு அடாப்டர்ல மாட்டிப் பாத்தேன், எடுக்குது. தமிழும் பேசுது." ஓடாது என்று எனக்குத் தெரியும் அம்மா, நீ சொல்ல வேண்டாம். எடுக்குது என்றால்? என்ன எடுக்கிறது? அவள் நாச்சிமுத்துவின் நாற்காலிக் கைப்பிடியில் தட்டை நிறுத்தி, பட்டனை அவன் கட்டைவிரலுக்குக் கீழே வைத்தாள். நான் இவ்வளவு வருஷமாக அந்தப் பட்டனை வைக்கிற இடம் அதுவல்ல, கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும், சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவன் விரல் நகர்ந்து அதைக் கண்டுபிடித்துவிட்டது. செட்டிங்ஸ் என்று போய் என்னமோ மூன்று இடத்தில் தொட்டாள். திரையில் எழுத்துக் கட்டம் வந்தது. வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்ந்தது. மூன்று தொடுதல். என்னுடைய ஒரு வருஷம், எட்டு மாசம், பதினோரு மாசம், செட்டிங்ஸில் மூன்று தொடுதல். இதை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்? நான் பஞ்சு மூட்டை நடுவில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்தியபோது எங்கே இருந்தது இது? அம்மா கடைசியில் இவன் பேச்சைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தாளே, அதற்கு யார் பதில் சொல்லுவது? "வேண்டாம்" என்றேன். "இது வேண்டாம். எங்க குரல் அந்தப் பழைய மெஷின் உள்ள இருக்குது. அதை எடுத்துக் குடுங்க, நான் திருப்பி எழுதிக்கறேன்." "எத்தனை நாள் ஆகுமுங்க மேடம்?" "ஒரு வருஷம்." பர்வீன் பானு நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் அவனைப் பார்க்கத் தோன்றியது. அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அழுத்திக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. இ. து. போ. "இது போகட்டும்னு சொல்றியா? அதான் நானும் சொன்னேன்" என்றேன். அவன் அழுத்தியதை அழித்தான். மறுபடி முதலிலிருந்து. இ. து. போ. து. ம். அப்புறம் பேசு என்கிற கட்டத்தை அழுத்தினான். இது போதும் என்றது ஒரு ஆம்பளைக் குரல். கட்டைக் குரல், கொஞ்சம் வறட்டுக் குரல், பாலக்காட்டுக்காரன் தமிழ் பேசுகிற மாதிரி ஒரு இழுப்பு, என் தம்பியின் நாற்காலியிலிருந்து. எனக்கு யாரோ முன்பின் தெரியாதவன் எங்கள் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி இருந்தது. "இதா? இந்தக் குரலா? கேளுடா எப்படி இருக்குன்னு! தகரத்துல தட்டற மாதிரி! இது யாரோ எவனோ, நீ இல்லடா!" அவன் அழுத்தினான். நான் காத்திருக்கவில்லை, மேலே மேலே சொல்லிக்கொண்டே போனேன், அவன் அழுத்திக்கொண்டே இருந்தான், அவன் முடிப்பதற்குள் எனக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. பேசு. "அந்தப் பழசும் நான் இல்லையக்கா. நீ." சுற்றி இருந்தவர்கள் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பர்வீன் பானு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளிச்சம் ஓடியது. எவ்வளவு நேரம். அவன் கழுத்தில் நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. நான் ஒரு எழுத்தையும் ஊகிக்காமல் நின்றேன், ஊகிக்கப் பயம். "போன்ல பேசறவன் எல்லாம் அம்மாங்கறான். நீ சிரிச்சே. உன்மேல கோவம் வந்தா உன் குரல்ல உன்னை எப்படித் திட்டறது? ஒரு தடவை திட்டினேன். நீயே உன்னைத் திட்டற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

என்றைக்கு? என்றைக்குத் திட்டினான்? எனக்கு ஞாபகமே இல்லை. எனக்கு வந்ததே ஒரு எரிச்சல், உச்சந்தலையில் தணலை வைத்தாற்போல. கம்பெனிக்காரன்மேல் இல்லை. கம்பெனிக்காரன் செய்தது அநியாயம்தான், அதில் மாற்றமில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லுவேன். ஆனால் இவன். முப்பத்து நாலு வருஷம் இதை உள்ளே வைத்துக்கொண்டு, நான் கஞ்சி ஆறக் காத்திருக்காமல் உட்கார்ந்து எழுதியதைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சிப்பு மாறும்போதும் என் கண்ணு போகப் போக, என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒன்றும் ரெண்டும் திரும்பிப் போக, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லாமல். "சொல்லியிருக்கலாமில்லடா! அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல! ஆறுச்சாமி காலப் புடிச்சாவது கூட்டியாந்திருப்பேன்! எட்டு மாசம், பதினோரு மாசம், என் தொண்டை, என் கண்ணு, எல்லாம் உனக்கு..." வெளிச்சம் ஓட ஆரம்பித்துவிட்டது, அவன் இடையில் புகுந்து அழுத்துகிறான், நான் பேசிக்கொண்டிருக்கிறபோதே அழுத்துகிறான், அந்தத் தகரக் குரல் என் வாக்கியத்துக்கு நடுவில் "சொன்னாக் கேப்பியா" என்றது. இதுவரை என் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே வெட்டியதில்லை. "வாயை மூடுடா நாச்சிமுத்து!" என்று கத்தினேன்.

அத்தனை பேரும் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் வாய் கோணி உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து வாயை மூடு என்கிற பொம்பளையைப் பார்த்தார்கள். அம்மா ஒரு நாள் சொன்னதில்லை அவனை அப்படி, நான் சொன்னதில்லை, யாரும் சொன்னதில்லை, மூடுவதற்கு என்ன இருந்தது. ஒரு கிழவர் எழுந்தே விட்டார். நாச்சிமுத்துவின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இந்தத் தடவை கிட்டத்தில் குனிந்து சரியாகப் பார்த்தேன். சிரிப்புத்தான். வெளிச்சம் கட்டம் கட்டமாக வந்தது. மா. ட். டே. ன். "மாட்டேன்" என்றது குரல், அவன் திரும்ப அழுத்தினான், "மாட்டேன்", இன்னொரு தடவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். "சரி. பேசு. என்னென்ன இருக்குதோ எல்லாத்தையும் பேசு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்றேன்.